அந்தோணியின் படகில் எண்ணெய் கசிந்தது

படகு கியர்பாக்ஸ் கோளாறுகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள், புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று பட்டறையிலிருந்து போன் செய்தார்கள். ஓய்வு பெற்று சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று நாட்கள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதப்போவது அவர்கள் எதிர்பார்த்தது இல்லை.

எத்தனை லிட்டர் எண்ணெய், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. உங்களுக்குப் போனிலேயே வந்துவிடும். கையேட்டில் இல்லாததைத்தான் நான் எழுத முடியும். அதில் பெரும்பகுதி நான் செய்த தப்புகள்.

நாம் பார்த்த படகுகள் சொகுசுப் படகுகள் அல்ல. ஆற்றிலும் கால்வாய்களிலும் மிதக்கிற குப்பையை அள்ளுகிற படகுகள். அதனால் அவற்றின் வியாதிகளும் குப்பை சம்பந்தப்பட்டவைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படகு கியர் போட்டால் முக்கிக்கொண்டு நின்றது. கியர்பாக்ஸ்தான் போச்சு என்று சத்தியம் செய்தேன். இரண்டு நாள் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். உள்ளே எல்லாம் புத்தம் புதுசாக இருந்தது. மூன்றாம் நாள் படகைத் தூக்கிப் பார்த்தால் புரொப்பெல்லரில் யாரோ தூக்கிப் போட்ட மெத்தை உறை பத்துச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டறை முழுக்கச் சிரித்தது. ஒரு மாதம் வரைக்கும் என்னை "மெத்தைக்காரர்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆகவே முதலில் தண்ணீருக்கடியில் பாருங்கள், பிறகு ஸ்பானரை எடுங்கள். இந்தக் கதைக்கு நீங்களும் சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்ததற்குச் சிரிப்பு வராது.

அந்தோணி என்று ஒரு படகோட்டி இருந்தான். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஊரில் விசைப்படகு ஓட்டியவன், இங்கே ஒர்க் பெர்மிட்டில் வந்து குப்பைப் படகு ஓட்டினான். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டான். இன்ஜின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பான். பலர் ஓட்டிய படகுகளில் அவன் படகுதான் எனக்குக் குறைந்த வேலை வைத்தது.

அந்த வருடம் அவன் படகுக்குப் புது கியர்பாக்ஸ் வந்திருந்தது. சில மாதங்களில் ஆயுத பூசை வந்தது. நம் பட்டறையில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். படகுகளை நிறுத்தி, இன்ஜினைக் கழுவித் துடைத்து, கியர்பாக்ஸுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை, பழம், கடைசியில் பூசணிக்காய். சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட வந்து நின்று பொரி வாங்கிப் போவார்கள். பெயிண்ட் அடிப்பதும் பொட்டு வைப்பதும் என் உரிமை, வேறு யாரையும் விடமாட்டேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. தோசை மாவு பதத்தில் குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி வைப்பேன்.

அந்தோணி வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். காலையிலிருந்து படகைக் கழுவினான், தேக்கா சந்தைக்குப் போய்ப் பூவும் வாழையிலையும் வாங்கி வந்தான். கற்பூரம் காட்டியபோது மட்டும் ஓரமாகக் கை கட்டி நின்றான். குங்குமத் தட்டை நீட்டினேன். "நீங்க வையுங்கண்ணே, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்று சிரித்தான். அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பொட்டு வைத்தால் குறைந்தா போய்விடுவான் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். இந்தச் சின்னக் கசப்பை ஏன் எழுதுகிறேன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

பத்து நாள் கழித்து வந்தான்.

"அண்ணே, கியர்பாக்ஸ்ல ஆயில் கசியுது. காலைல பாத்தா அளவு கம்மியா இருக்கு."

ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் இருக்கிற ரப்பர் ஆயில் சீல் நனைந்திருந்தது. சீலை மாற்றினேன். இரண்டு வாரத்தில் மறுபடி கசிந்தது. மறுபடி மாற்றினேன். மறுபடியும் கசிந்தது. அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. மழை பெய்தால் கால்வாய்களில் இருக்கிற குப்பையெல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும். படகுகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு படகைக்கூட நிறுத்திவைக்க மேலிடம் சம்மதிக்காது.

"ஊத்தி ஊத்தி ஓட்டு லா. மழை விடட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

தினமும் காலையில் என்னிடம் வந்து ஒரு கேன் எண்ணெய் வாங்கிக்கொண்டு போவான். படகில் தினமும் நிரப்ப வேண்டிய ஒரு தாள் உண்டு. எண்ணெய் அளவு சரியா என்கிற கட்டத்தில் அவன் முதல் நாள் "குறைவு, ஊற்றினேன்" என்று எழுதியிருந்தான். அப்படி எழுதினால் படகை நிறுத்த வேண்டும், நாலு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாள் கொடுத்தது நான்தான். "எல்லாத்துக்கும் ஓகே போடு. பேப்பர்ல பிரச்சினை வேணாம்" என்றேன். அவன் அதன்பிறகு ஓகே போட்டான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"பூசைக்கு அப்புறந்தாண்ணே இது ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு கசிஞ்சதில்ல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஓடி ஓடி சூடானதும்தான் கசியுது, காலைல கசிவு ஒன்னும் தெரியல. நீங்க ஒரு நாள் என்கூட படகுல வந்து, ஓடுறப்பவே பாத்தா தெரியும்ணே."

பிள்ளைகளே, இதை இன்னொரு முறை படியுங்கள். எப்போது ஆரம்பித்தது, எப்போது கசிகிறது, எப்படிப் பார்க்க வேண்டும் என்று மூன்றையும் தட்டில் வைத்து நீட்டினான். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தவன் நான். என் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

"என்ன, சாமி கும்பிட்டதால கசியுதா? நீ கும்பிடலங்கிறதுக்காக எங்க பூசையைக் குறை சொல்றியா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அப்படிச் சொல்லலண்ணே" என்றான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "படகைப் பட்டறைக்குக் கொண்டு வா, இங்க பாக்கறேன். ஆத்துல வந்து பாக்க எனக்கு நேரமில்ல" என்றேன். அவன் கொண்டுவந்தான். ஒவ்வொரு முறையும் படகு ஆறிக் குளிர்ந்த பிறகு பார்த்தேன். ஆறிப்போன கியர்பாக்ஸ் எதையும் காட்டாது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். பெரிய மழை விட்டிருந்தது. குப்பையை ஏற்றிக்கொண்டு அந்தோணி கரைக்கு வருகிறான். சுற்றுலாப் படகுகளுக்கான துறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். வேகத்தைக் குறைக்க ரிவர்ஸ் போட்டிருக்கிறான். கியர் பிடிக்கவில்லை. எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸில் கிளட்ச் வழுக்கத்தானே செய்யும். மழைத்தண்ணீர் இழுக்கிற இழுப்பில் படகு நேராகத் துறையை நோக்கிப் போயிருக்கிறது. அவன் ஹார்னை அடித்துக்கொண்டே, கூட இருந்தவனோடு சேர்ந்து நீளக் கழியை ஊன்றித் திருப்பப் பார்த்திருக்கிறான். பாதி திரும்பியது. பாதி இடித்தது. துறையின் கம்பி வளைந்தது, ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாரும் கையில் போன் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது.

நான் போய்ப் பார்த்தபோது அளவுக் கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. படகின் அடித்தட்டில் எண்ணெய் தேங்கி நின்றது. அந்தோணி கழியைக் கையிலிருந்து இன்னும் விடவில்லை. "காலைல நெறைய ஊத்துனேண்ணே. உங்ககிட்டதானண்ணே வாங்குனேன்" என்றான்.

மேனேஜர் சீனர், நல்ல மனிதர்தான். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ஆறு மணிக்குள் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். படகில் கோளாறா, ஆள் தப்பா? படகில் கோளாறு என்றால் எல்லாப் படகையும் நிறுத்தச் சொல்வார்கள். யோசித்து எழுது."

எனக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. படகில் கோளாறு என்று எழுதினால் அத்தனை முறை பார்த்தும் கண்டுபிடிக்காதவன் நான். ஊற்றி ஊற்றி ஓட்டு என்றவன் நான். தாளைக் கிழித்தவன் நான். ஆள் தப்பு என்று எழுதினால் என் பெயர் எங்குமே வராது. அவன் எண்ணெய் வாங்கினானே தவிர, ஊற்றினானா என்று நான் பார்த்தேனா என்ன என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டது வசதியாக இருந்தது. "ஓட்டுநர் எண்ணெய் அளவைச் சரிபார்க்காமல் படகை இயக்கியுள்ளார். தினசரித் தாளில் பார்க்காமலேயே ஓகே குறித்துள்ளார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

திங்கட்கிழமை அவன் பெர்மிட்டை ரத்து செய்தார்கள். வீடியோவில் முகம் தெரிந்ததால் வேறு இடத்திலும் எடுக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டானாம். அவன் என்னிடம் வந்து சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை.

அடுத்து அவனைப் பார்த்தது தேக்காவில். மனைவி கேட்ட கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். சாமான் கடை வாசலில் அந்தோணி நிற்கிறான். காலுக்கடியில் ஒரு புதுப் பெட்டி. ஊருக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியுமா? சாக்லேட், சோப்பு, தைலம், பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் படகு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஓடி ஒளியலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டான்.

"நாளைக்கு ஃப்ளைட்டுண்ணே" என்றான். பிறகு, "ஒரு பேப்பர்ல, இவன் நல்லா ஓட்டுவான், எண்ணெய் பாக்காம ஓட்ட மாட்டான்னு ரெண்டு வரி எழுதிக் குடுப்பீங்களாண்ணே? இங்க யார்கிட்டயும் காட்டப் போறதில்ல. ஊர்ல காட்டத்தான். எங்க பக்கம் அத்தன பேரும் வீடியோ பாத்துட்டாங்க. வீட்டுல என்கூடப் பேச மாட்டேங்கிறா. குடிச்சிட்டு ஓட்டுனேன்னு யாரோ சொல்லிட்டாங்க."

"பாக்கறேன்" என்றேன். பார்க்கிறேன் என்று நாம் எப்போது சொல்வோம் என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சரிண்ணே என்று பெட்டியை இழுத்துக்கொண்டு போனான்.

அவன் படகுக்குப் புது ஆள் வந்தான். கியர்பாக்ஸை மொத்தமாகத் திறந்து கிளட்ச், சீல் எல்லாம் மாற்றி, பழைய மூடியையே போட்டு மூடிக் கொடுத்தேன். பதினைந்து நாளில் புது ஆள் ஆற்றிலிருந்து போன் செய்கிறான். "அங்கிள், ஆயில் லீக் ஆகுது லா." இந்த முறை பட்டறைக்குக் கொண்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை. வேறொரு படகில் ஏறி அவன் இருந்த இடத்துக்கே போனேன். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று காற்று அடித்தது. சூடான எண்ணெய் என் கன்னத்தில் தெறித்தது.

கியர்பாக்ஸ் சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியே போக மூச்சுத் துளை என்று ஒன்று வைத்திருப்பார்கள். பழைய கியர்பாக்ஸில் அது பக்கவாட்டில் தனிக் குழாயாக இருந்தது. புதியதில் மூடியின் உச்சியிலேயே, ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அது அடைத்துப்போனால் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு, கூடவே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆயிரம் சீல் மாற்றினாலும் வரும். மூடியைத் துடைத்துப் பார்த்தேன். துளையின் மேல் சில்வர் பெயிண்ட். அதன் மேல் கல்லாக இறுகிப்போன சந்தனம். உச்சியில் உருண்டையாக, நெற்றி மாதிரி வாகாக இருக்கிறதே என்று அந்த மூடியைத் தேர்ந்தெடுத்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்தது நான். என் விரல் ரேகை அதில் அப்படியே இருந்தது.

படகின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அங்கிள், ஓகேவா?" என்று புது ஆள் கேட்டான். ஒரு ஊசியால் குத்தி எடுத்தேன். ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தப் படகில் ஒரு சொட்டு கசியவில்லை.

சாமியை நான் குறை சொல்லவில்லை. பூசையை இன்றும் செய்கிறேன். பூசைக்கு அப்புறம்தான் என்று அவன் சொன்னபோது சாமியைச் சொல்லவில்லை, என் கையைச் சொன்னான் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

மூடியை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். முழுக்கக் கேட்டார். மூடியை மேசைமேல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த விஷயம் முடிந்துவிட்டது. இப்போது திறந்தால் உனக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. அவன் திரும்பி வரப் போவதில்லை" என்றார். நான் எழுந்து நின்று, இல்லை, எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. "ஓகே பாஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

யாராவது எப்போதிலிருந்து கோளாறு என்று சொன்னால், அந்த நாளை நம்புங்கள். அந்த நாளில் அதில் யார் கை வைத்தது என்று பாருங்கள். அது உங்கள் கையாக இருந்தாலும் பாருங்கள். ஓடும்போது வருகிற வியாதியை ஓடும்போது பாருங்கள். பட்டறை என்னிடம் கேட்ட பாடம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு நல்ல மெக்கானிக் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அந்தோணியின் ஊர் எண் அவனோடு தங்கியிருந்த ஒருவனிடமிருந்து கிடைத்தது. நான்கு மாதம் கையில் வைத்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தேன். சந்தனம், துளை, மூடி எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மேல தப்பே இல்ல அந்தோணி. நீ ஊத்துன. எனக்குத் தெரியும். எழுதுனது பொய்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவன் திட்டவில்லை. குரல் மட்டும் வேகமாக வந்தது.

"அண்ணே, வச்சிராதீங்க, வச்சிராதீங்க. இத என் வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவ சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. இங்கதான் நிக்கிறா, குடுக்கறேன்."

போன் கை மாறிய சத்தம் கேட்டது. "ஹலோ" என்றாள் ஒரு பெண். களைத்த குரல். யார் என்றே தெரியாத ஒரு பெண்ணிடம், உன் புருஷன் வேலை என்னால் போனது, நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. அவனிடம் சொன்ன அதே வாய்தான்.

"நல்லா இருக்கீங்களாம்மா? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க" என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். போனை அவனிடம் நீட்டினாள் போலிருக்கிறது. தூரத்தில் அவன் குரல் ஆசையாகக் கேட்டது.

"சொன்னாரா? என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு."

நான் போனை வைத்துவிட்டேன்.